ஊருக்குப் போகிறீர்களா? பழைய அல்பத்தையும் எடுத்துச் செல்லுங்கள்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு இலங்கையின் வடக்கில் உள்ள ஊருக்குப் போகிறவர்களின் பெட்டிக்குள் சொக்லேற், சவர்க்காரம், கைத்தொலைபேசி என்று எல்லாம் ஏறிவிடும். அவற்றுக்கெல்லாம் முன்னால் வைக்கவேண்டியது படங்கள். 80களிலும் 90களிலும் ஊரிலிருந்து பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் கடிதத்தோடு வந்த கலியாணப் படங்களும் சாமத்தியவீட்டுப் படங்களும் உங்கள் அலுமாரியில் இன்னும் கிடக்கும். அதே படங்கள் ஊரில் உள்ள உறவுகளிடம் அநேகமாக இருக்காது. போர் முடிந்த 2009 மே வரை வன்னியில் நின்றவர்கள் உடுத்த உடுப்போடுதான் செட்டிகுளம் அகதி முகாம்களுக்கு வந்து சேர்ந்தார்கள். செத்துப்போன பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட இல்லாத தாய்மார் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கிறார்கள். படங்களைப் பெரிதாக அச்சிட்டு, பின்பக்கத்தில் யார், எந்த ஆண்டு, எந்த வீட்டு முற்றம் என்று எழுதிக்கொண்டு போங்கள். கைத்தொலைபேசியில் காட்டிவிட்டுத் திரும்பிவராமல், தாளில் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பயணம் இன்று பெரிய பாடில்லை. 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்தது. பலாலி விமான நிலையம் 2019இல் திறந்தபின் சென்னையிலிருந்தும் நேரே வரலாம். ஏ9 வீதியால் இரவு பஸ்ஸில் வருகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வரலாம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழைக்காலம். வன்னி உள்வீதிகளில் வெள்ளம் நிற்கும். நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து வருகிறவர்கள், திருவிழாக் கூட்டம் கரைந்தபின் உறவினர் வீடுகளுக்கென்று நாட்களைத் தனியே ஒதுக்குங்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி குடித்த கையோடு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற பயணத்தில் ஒரு கதையும் கேட்கமுடியாது.

கேட்பதற்குத்தான் நீங்கள் போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குடும்பத்தின் ஒரு பாதி வரலாறு வெளிநாட்டில் இருக்கிறது, மற்றப் பாதி அம்மம்மாவின், சித்தியின், மாமாவின் நினைவில் இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களிடம் ஆண்டைக் கேட்டால் தடுமாறுவார்கள். இடப்பெயர்வைச் சொல்லிக் கேட்டால் எல்லாம் வரும். யாழ்ப்பாணத்தவர் ஒரேயடியாக இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தடியில் யார் யாரோடு நின்றார்கள்? தென்மராட்சியில் யார் வீட்டில் இருந்தார்கள்? கிளாலிக் கடலேரியால் படகேறினார்களா? 1996இல் கிளிநொச்சி இராணுவத்திடம் விழுந்தபோது அக்கராயன் பக்கம் போனார்களா, மல்லாவிக்கா? சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று கடற்கரையில் யார் நின்றார்கள்? ஒவ்வோர் இடத்தின் பெயரோடும் ஒரு பிறப்பு, ஒரு சாவு, கைவிட்டுவந்த ஒரு மாடு, புதைத்துவைத்த நகை என்று வரிசையாக வரும். அனுமதி கேட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஊர்ப்பெயர்களை ஒரு கொப்பியில் வரிசைப்படுத்தினால் குடும்பத்தின் பாதையே தெரியும்.

2009 இறுதிப்போர் நடந்த விசுவமடு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று வரும்போது கேள்வியை நிறுத்திவிடுங்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள். அந்த நாட்களில் பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைக்கச் சேலைகளைத்தான் வெட்டினார்கள். கூறைச்சேலையும் அதற்குள் போனது. நீங்கள் கொண்டுபோன சேலையைக் கையில் வாங்கிய சித்தி சற்று நேரம் பேசாமல் இருந்தால், ஏன் என்று துருவாதீர்கள். உப்பும் தண்ணீருமாய்க் கிடந்த கஞ்சி அவர்களுக்கு உயிர் காத்த உணவு. இறந்தவர்களை நினைவுகூரும் மே 18 அன்று அதே கஞ்சியை உங்கள் கையிலும் தருவார்கள். இருந்து குடித்துவிட்டு வாருங்கள்.

வீட்டைப் பார்த்துக் குறை சொல்லாதீர்கள். மீள்குடியேறியபின் பலர் கட்டியது இந்திய வீட்டுத்திட்ட வீடு. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், அதுவும் தவணை தவணையாக. அத்திவாரம் போட்டுக் காட்டினால்தான் அடுத்த தவணை. சீமெந்தும் மரமும் விலை ஏறியபோது மிச்சத்துக்குக் கடன் வாங்கினார்கள், நகை அடைவுவைத்தார்கள். முன்சுவர் பூசி வெள்ளையடித்திருக்கும், பின்பக்கம் கல் தெரியும், குசினி இன்னும் தகரக் கொட்டில்தான். கணவனை இழந்த பெண்கள் கல் சுமந்து, சீமெந்து குழைத்துக் கட்டிய வீடுகள் அவை. அந்த வீட்டில் பாய் விரித்தால் அதில் படுத்தெழும்புங்கள். ஹோட்டலுக்குப் போய்விட்டால் அவர்களுக்கு மனம் நொந்துவிடும்.

பணம் கொடுப்பதானால் ஊரார் முன்னால் கொடுக்காதீர்கள். நுண்கடன் நிறுவனங்களுக்குக் கிழமைக்கிழமை தவணை கட்டுகிற பெண்கள் வடக்கில் நிறையப் பேர். கடன் இருக்கிறதா என்று மெல்ல விசாரித்து அதை அடைத்துவிடுவது, புதுத் தொலைக்காட்சிப் பெட்டியைவிட எத்தனையோ மடங்கு பெரிய உதவி.

காணாமற்போனவர் இருக்கும் வீட்டில் 'இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறீர்களா' என்று கேட்பது கொடுமை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரியில் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராட உட்கார்ந்த தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்களுக்காக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லும் சான்றிதழை வழங்க 2016இல் சட்டம் வந்தது. காணியோ வங்கிக் கணக்கோ அவர் பெயரில் கிடந்தால் அது கைகொடுக்கும். எதை எடுப்பது என்பது அந்தத் தாயின் முடிவு. நீங்கள் விபரத்தைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளுங்கள்.

வெறும் வளவுகளிலும் பற்றைகளிலும் மிதிவெடி இருக்கிறதா என்று ஊராரைக் கேட்காமல் கால் வைக்காதீர்கள், பழைய வீட்டுக் கிணற்றடியானாலும் சரி. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கும் இடத்துக்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம். இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள்.

காணி விஷயத்துக்கு முழுதாகச் சில நாட்களை வையுங்கள். சொப்பிங் பைக்குள் சுற்றி இடப்பெயர்வுதோறும் மார்போடு அணைத்துக் காப்பாற்றிய காணி உறுதிப் பத்திரம் சில வீடுகளில் இருக்கும். தொலைந்துபோயிருந்தால் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்த்துப் பிரதி எடுக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் இரட்டைக் குடியுரிமை இல்லாமல் காணி வாங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. பெற்றோரின் காணி வாரிசாக வருவதற்குத் தடையில்லை. ஆளில்லாத காணியைப் பத்து ஆண்டுகள் தடையில்லாமல் ஆண்டவர் உரிமை கோரமுடியும் என்பதால் வேலியை அடைத்து, நம்பிக்கையானவரிடம் ஒப்படையுங்கள். யாழ்ப்பாணக் காணியில் உங்கள் பங்கை விற்பதானால், தேசவழமை என்ற யாழ்ப்பாண மரபுச் சட்டப்படி, அதே காணியில் பங்குள்ள மற்றவருக்கு முதலில் அறிவிக்கவேண்டும். உங்களுக்காகக் கையெழுத்திடும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை யாருக்காவது கொடுக்குமுன் நொத்தாரிசிடம் ஒவ்வொரு வரியாகக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள்.

வன்னியில் பலருடையது உறுதிக் காணி இல்லை, அரசாங்கப் பெர்மிட் காணி. பெர்மிட்காரர் தனக்குப் பின் காணியைப் பெறவேண்டிய பின்னுரித்தாளரின் பெயரைப் பதியாமல் கண்மூடினால், சகோதரங்களுக்குள் இழுபறி வந்து காணி ஆண்டுக்கணக்கில் தொங்கும். மாமாவோ பெரியம்மாவோ நடமாடக்கூடிய நிலையில் இருக்கும்போதே, விதானையாரிடம் (கிராம அலுவலர்) கடிதம் வாங்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு அவர்களைக் கூட்டிப்போய் அந்தப் பதிவைச் செய்துவிடுங்கள். வாகனத்துக்கும் ஒரு நாள் அலைச்சலுக்கும் ஆளில்லாமல்தான் பல வீடுகளில் அது செய்யாமல் கிடக்கிறது.