குமரி மாவட்டத்துக் காருக்குத் தோல் சீட்டா, துணி சீட்டா?

இடவப்பாதியிலும் (ஜூன் வாக்கில்) மழை, ஐப்பசியிலும் மழை. அதனால் சீட் விஷயத்தில் இங்கே வெயிலைவிட ஈரத்தைத்தான் முதலில் பார்க்கணும். நனைந்த உடுப்போடு துணி சீட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கிவிடும். மேலே காய்ந்த பிறகும் நாற்றம் அங்கிருந்துதான் வரும். என் காரில் பலித்தது: வேக்குவம் போட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிழிந்த துணியால் துடைப்பது. ஊற்றவே கூடாது. பிறகு நாலு கதவையும் திறந்து வெயிலில் காயவிடணும்.

கடையில் 'லெதர்' என்று காட்டுவது பெரும்பாலும் ரெக்சின்தான், அதாவது செயற்கைத் தோல். பின்பக்கம் நெசவு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். அது மோசமுமில்லை. குளச்சல் கடற்கரை மணலும் உப்புத் தண்ணீரும் ஈரத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். மதியம் வெயிலில் நிறுத்தினால்தான் தொடை வெந்துபோகும். அசல் தோல் நம்மூருக்கு வம்பு: கவனிக்காமல் பூட்டிவைத்தால் பூசணம் பிடிக்கும். பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் தேய்ப்பது அதைவிட மோசம், அழுக்கெல்லாம் ஒட்டும்.

கவர் வாங்குமுன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த இடத்தை இறுக்கி மூடும் கவர் வேண்டவே வேண்டாம். பை விரிய வழியிருக்காது. முன்சீட்டைத் துணியாகவே விட்டேன், பின்சீட்டுக்கு மட்டும் ரெக்சின் கவர்.