ஜெரால்ட் வைலி யார்? நகைச்சுவை எழுதி நடிக்க வருபவர்கள் செய்யும் தவறுகள்

சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு வருவார்கள். எல்லோருக்கும் ஒரே ஆசை: காமெடி எழுத வேண்டும், எழுதியதில் தானே நடிக்கவும் வேண்டும். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் முட்டிக்கொண்ட அதே சுவரில், அதே இடத்தில், இவர்களும் வரிசையாக வந்து முட்டிக்கொள்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால்தான் இது.

வசனம் நீளக் கூடாது, டைமிங் முக்கியம், சொன்ன ஜோக்கையே திரும்பச் சொல்லாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒருவரைத்தான் எடுத்துக்கொள்ளப்போகிறேன்: பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர், எழுத்தாளர் ரோனி பார்க்கர். 1929-இல் இங்கிலாந்தின் பெட்ஃபர்டில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபர்டில் வளர்ந்தவர். கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டார். வங்கி குமாஸ்தாவாக இருந்தார். அதையும் விட்டுவிட்டு 1948-இல் ஐல்ஸ்பரியில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்தார். வானொலி, மேடை என்று சுற்றி 1966-இல் டேவிட் ஃப்ராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். இன்னொரு நகைச்சுவை நடிகரான ரோனி கார்பெட்டோடு சேர்ந்து 1971 முதல் 1987 வரை பிபிசியில் ‘தி டூ ரோனீஸ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தினார். ஆள் குண்டு, கார்பெட் குள்ளம். பார்த்தவுடனே சிரிப்பு வருகிற ஜோடி. ஆனால் பார்க்கர் அந்த உருவத்தை மட்டும் நம்பிப் பிழைத்தவர் இல்லை.

எழுதியது யார் என்று சொல்லிவிட்டு வாசித்துக் காட்டுவது

இதைத்தான் நீளமாகச் சொல்லப்போகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு அலுவலக ஆண்டு விழாவுக்கு நாடகம் கேட்டார்கள். வாடகை வீடு பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்ப்பதுதான் காட்சி. பன்னிரண்டு நிமிஷம். எழுதி முடித்ததும் குழுவில் ஆறு பேரை உட்கார வைத்து நானே வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டான். அந்தச் சிரிப்பை நம்பி, நிஜமாகவே திறந்து மூடுகிற மூன்று கதவுகளுக்கு ஆசாரியிடம் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். என் கைக்காசு.

விழா அன்றைக்கு முந்நூறு பேர். முதல் கதவு திறந்தது. சத்தமில்லை. இரண்டாவது கதவும் திறந்தது. சீலிங் ஃபேன் சுற்றுகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. மூன்றாவது கதவில் என் மச்சான் மட்டும் சிரித்தார். அது சிரிக்க வேண்டிய இடமும் இல்லை.

ரொம்ப நாள் கழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியவனிடம் கேட்டேன். “அண்ணே, நீங்க படிக்கும்போதே சிரிச்சுக்கிட்டே படிச்சீங்க. நாங்க உங்களப் பாத்துதான் சிரிச்சோம். அதுவுமில்லாம டீ செலவு, ஹால் வாடகை எல்லாம் உங்களுது. உங்க முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு எப்படிண்ணே சிரிக்காம இருக்கிறது?” என்றான். மூன்று கதவுகளில் இரண்டைப் பழைய மரக்கடையில் போட்டாயிற்று. மூன்றாவது இன்னும் எங்கள் மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து நிற்கிறது.

இதே சிக்கல் பார்க்கருக்கும் வந்தது. அவர் மாட்டிக்கொள்வதற்கு முன்னாலேயே யோசித்தார். 1968-இல் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனில் ‘ஃப்ராஸ்ட் ஆன் சண்டே’ நிகழ்ச்சி. அதில் அவர் முக்கிய நடிகர். தானே எழுதிக் கொடுத்தால் யாருக்கு மறுக்க மனசு வரும்? அதனால் ஜெரால்ட் வைலி என்று ஒரு பெயரை உண்டாக்கி, தன் ஏஜென்ட் மூலமாக ஸ்கெட்சுகளை, அதாவது சின்னச் சின்ன நகைச்சுவைக் காட்சிகளை, அனுப்பினார். சரக்கு நன்றாக இருந்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் தூக்கிப் போடட்டும் என்பதுதான் கணக்கு. எடுத்தார்கள். திரும்பத் திரும்ப எடுத்தார்கள். யார் இந்த வைலி என்று செட்டில் ஒரே பேச்சு. நாடகாசிரியர்கள் டாம் ஸ்டாப்பர்டாக இருக்குமோ, ஆலன் பென்னட்டாக இருக்குமோ என்றார்கள். சந்தேகம் வராமலிருக்க, வைலியின் ஸ்கிரிப்ட் வந்தால் பார்க்கரே முதல் ஆளாகக் குறை சொல்லுவாராம்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். மருத்துவரின் காத்திருப்பு அறையில் நடக்கிற ஒரு வைலி ஸ்கெட்ச் கார்பெட்டுக்குப் பிடித்துப்போய், உரிமையை விலைக்குக் கேட்டார். ஏஜென்ட் மூலமாக ‘வைலி’ சொன்ன விலை 3,000 பவுண்டு. அவ்வளவு முடியாது என்றார் கார்பெட். சரி, சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள் என்று வைலியிடமிருந்து பதில் வந்தது. பேரம் பேசினவர் தினமும் தன் பக்கத்தில் நின்று நடிக்கிறவர் என்று கார்பெட்டுக்குத் தெரியாது.

கடைசியில், ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த சீன உணவகத்தில் எல்லோருக்கும் விருந்து, வைலியும் வருகிறார் என்று சொல்லி வைத்தார் பார்க்கர். எல்லோரும் வந்து உட்கார்ந்ததும், “நான்தான் வைலி” என்றார். முதலில் யாரும் நம்பவில்லை.

ஆகவே, எங்கள் மாடியில் இப்போது ஒரு நடைமுறை. ஸ்கிரிப்டில் பெயர் இருக்கக் கூடாது. கையெழுத்தில் இருந்தால் வாங்கமாட்டேன், டைப் அடித்து வர வேண்டும். எழுதியவரைத் தவிர வேறு யாராவது, ரேஷன் கார்டில் பெயர் படிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் வாசிக்க வேண்டும். அப்படியும் சிரித்தால் அது எழுத்தில் இருக்கிற சிரிப்பு. எழுதியவர் அப்போது மாடியில் இருக்கவே கூடாது. போன மாதம் ஒரு பையனை விட்டுவைத்தேன். ஒவ்வொரு ஜோக்குக்கும் அரை வினாடி முன்னாலேயே அவன் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானார்கள். அடுத்த வாரத்திலிருந்து டீ வாங்க அவனைத்தான் கீழே அனுப்புகிறோம்.

சிலேடை கிடைத்துவிட்டால் காட்சி கிடைத்துவிட்டது என்று நினைப்பது

பார்க்கர் பெயரைச் சொன்னாலே பிரிட்டனில் நினைவுக்கு வருவது 1976-இல் ஒளிபரப்பான ஒரு கடைக் காட்சி. அதை எழுதியதும் வைலி பெயரில்தான். பழைய காலத்து ஹார்ட்வேர் கடை. கல்லாவுக்குப் பின்னால் கார்பெட். தொப்பி போட்ட கூலித் தொழிலாளியாகப் பார்க்கர் வந்து “ஃபோர் கேண்டில்ஸ்” என்கிறார். கார்பெட் நாலு மெழுகுவர்த்தியை எடுத்து வைக்கிறார். வந்தவர் கேட்டது அது இல்லை, ஃபோர்க் ஹேண்டில்ஸ். தோட்டத்து முள்கரண்டிக்குப் போடுகிற கைப்பிடி. ‘ஹ’வை விழுங்கிப் பேசுகிற வாய் என்பதால் இரண்டும் ஒன்றாகவே காதில் விழுகிறது. அடுத்து ‘ஓஸ்’ கேட்கிறார். கடைக்காரர் களைக்கொட்டை (ஹோ) எடுத்து வருகிறார். அது இல்லை. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை (ஹோஸ்) எடுத்து வருகிறார். அதுவும் இல்லை. வாசல் கேட்டில் வீட்டுப் பெயர் எழுத ஓ என்கிற எழுத்துதான் வேண்டுமாம்.

சிலேடை நமக்குப் புதிதா? காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்துவிட்டுப் போனவர். அதனாலேயே நம்மவர்கள் ஒரு சிலேடை கிடைத்ததும் பேனாவை மூடிவிடுகிறார்கள். இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வார்த்தைக்குச் சிரிப்பது முதல் தடவை மட்டும்தான். அப்புறம் நாம் பார்ப்பது கார்பெட்டின் முகத்தை. ஏணியில் ஏறுகிறார், இறங்குகிறார், பெட்டியைத் திரும்ப உள்ளே வைக்கிறார், ஒவ்வொரு தடவையும் பொறுமை கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. வந்தவரோ கிண்டலே தெரியாத அப்பாவி. அவர் ஒரு தடவை கண் சிமிட்டியிருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும்.

இன்னொன்று. இவ்வளவு புகழ்பெற்ற காட்சியின் முடிவு பார்க்கருக்குத் திருப்தியாக இல்லை. அதையே மேடையில் நடிக்கப் போனபோது கடைசி வரியை மாற்றினார். நாட்டுக்கே பிடித்துப்போன ஒன்றைத் திரும்ப எடுத்துத் திருத்துகிற மனசு. என் மாணவர்கள் இரண்டாம் பிரதி எழுதச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் நானே எழுதுவேன் என்பது

பார்க்கரின் பெரிய வேடம் எது என்று கேட்டால் ‘பாரிஜ்’ தொடரில் (1974–77) வந்த சிறைக்கைதி ஃப்ளெட்சர் என்பார்கள். எழுதியவர்கள் டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே. ‘ஓபன் ஆல் அவர்ஸ்’ மளிகைக்கடைக்காரர் ஆர்க்ரைட்டை எழுதியவர் ராய் கிளார்க். இரண்டுமே 1973-இல் வந்த ‘செவன் ஆஃப் ஒன்’ என்ற ஏழு தனிக்கதைகளிலிருந்து முளைத்தவை. பார்க்கர் புனைபெயரில் தானே எழுதி நடித்த தொடர்களும் உண்டு, 1972-இல் ஒன்று, 1988 தொடக்கத்தில் ஒளிபரப்பானது ஒன்று. அவற்றை இன்றைக்குத் தேடித்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு எழுதத் தெரிந்தவரே, நல்ல எழுத்து வேறு இடத்திலிருந்து வந்தால் வாயை மூடிக்கொண்டு வசனத்தை மனப்பாடம் செய்தார்.

வீட்டிலும் கல்யாணத்திலும் ஜோக் அடிப்பது

வேண்டாம். பார்க்கர் கூச்ச சுபாவி. ‘டூ ரோனீஸி’ல் நாற்காலியில் உட்கார்ந்து நேராகப் பார்வையாளர்களிடம் பேசுகிற பகுதி கார்பெட்டுடையது. பார்க்கர் பேச வேண்டுமென்றால் ஒரு மீசையோ ஒரு வேடமோ வேண்டும்.

ஹிட் ஆனதையே திரும்ப எழுதுவது

மூன்றாவது தடவை நானே எழுந்து போய்விடுவேன்.

எப்போது நிறுத்துவது என்று என்னைக் கேட்பது

இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் இந்தக் கேள்வி. பார்க்கர் 1987 கடைசியில், 58 வயதில், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினார். ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் சிப்பிங் நார்ட்டன் என்ற சின்ன ஊரில் மனைவியோடு பழம்பொருள் கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்.