உப்புக்காற்றில் ஒரு திறந்த கார்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்?

நான் முதலில் வாங்கிய திறந்த கார் 1990ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர், மஸ்டா செய்தது. வாங்கியது ஒரு ஜூலை மாதம். கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஹூட்டை, அதாவது மடியும் துணிக் கூரையை, இறக்கிவிட்டுக் கொழும்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். நவம்பரில் முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, இருக்கைக்குப் பின்னால் கையை விட்டால் கார்பெற் சொதசொதவென்று கிடந்தது. ஹூட்டில் ஒரு கிழிசல்கூட இல்லை.

காரைப் பார்க்கப் போன அன்று எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். கியரை மாற்றிப் பார்த்தேன். எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று விசாரித்தேன். ஹூட்டில் விழும் மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று மட்டும் கேட்கவில்லை. திருகோணமலையில் தினமும் ஓட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்த வகைக் கார்களில் துணிக் கூரையில் விழும் தண்ணீர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள வடிகுழாய்களுக்குள் இறங்கி, பின்சில்லுகளுக்குச் சற்று முன்னால் நிலத்தில் கொட்ட வேண்டும். வேப்பம் சருகும் மணலும் போய் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே வழியும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிக்குள்ளும் இறங்கும். அங்கே உள்ளிருந்தே கறள் பிடிக்கும். வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து பாரம் தாங்குகிறது. இதில் கூரை இல்லாததால் அந்தப் பாரம் முழுவதும் தரைக்கும் இந்தப் பெட்டிப் பகுதிக்கும் வந்துவிடுகிறது. ஆகவே, "கொஞ்சக் கறள்தான் அண்ணை, பெயின்ற் அடிச்சாச் சரி" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

சோதிப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. ஒரு போத்தல் தண்ணீர், ஒரு சின்னக் காந்தம், ஒரு டோர்ச். தண்ணீரை மூலையில் மெதுவாக ஊற்றுங்கள். கீழே இரண்டு பக்கமும் ஒழுங்காகக் கொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். காந்தத்தைப் பின்சில்லுக்கு முன்னால் உள்ள தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் கறளை மறைத்துப் பூசிய புட்டி இருக்கிறது. டிக்கியின் கார்பெற்றையும் தூக்கிப் பார்க்க வேண்டும். ரோட்ஸ்டரின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் பற்றரி டிக்கிக்குள்தான். காற்றுக்குழாய் இல்லாத சாதாரண அசிட் பற்றரியை யாராவது வைத்திருந்தால் அந்த மூலைத் தகடு அரித்துப் போயிருக்கும்.

நம்முடைய ஊர் இதற்கு இன்னும் மோசம். நிலாவெளிப் பக்கம் உப்பளம், நகரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். நான் செய்த இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்: உப்புப் போகட்டும் என்று வாரா வாரம் காரைக் கழுவினேன், உவர்க் கிணற்றுத் தண்ணீரில். குழாய்த் தண்ணீரில் அடிப்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். நனைந்த காருக்குப் பிளாஸ்ரிக் உறை போட்டு மூடவும் வேண்டாம், ஈரம் உள்ளேயே புழுங்கும். தெரிவு இருந்தால் கண்டிப் பக்கம் ஓடிய காரைக் கடற்கரையில் ஓடியதற்கு முன்னால் போய்ப் பாருங்கள்.

துணிக் கூரையில் இவ்வளவு தொல்லை என்றால் மடியும் இரும்புக் கூரை எடுப்போமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 1996இல் வந்த மெர்சிடிஸ் எஸ்எல்கே அப்படித்தான், 2002இல் வந்த டைஹற்சு கோப்பனும் அப்படித்தான். வெயிலுக்கும் சத்தத்துக்கும் நல்லதுதான். ஆனால் எஸ்எல்கேயின் கூரையைத் தூக்குவது ஹைட்ரோலிக். வயதானால் சீல் கசியும்; பழுது பார்க்கத் தெரிந்த கை திருகோணமலையில் கிடைப்பது அபூர்வம். துணிக் கூரை என்றாலும் மோட்டர் வைத்ததில் வேறொரு சிக்கல் உண்டு. 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4இல் கூரை மோட்டர் உட்கார்ந்திருப்பது வடிகால் பள்ளத்துக்குப் பக்கத்தில். வடிகால் அடைத்தால் மோட்டர் தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும். கையால் மடிக்கும் கூரையில் இந்த வியாதி கிடையாது.

பின்கண்ணாடியையும் பாருங்கள். 1989இல் வந்த முதல் ரோட்ஸ்டரில் அது பிளாஸ்ரிக். நம் வெயிலில் மஞ்சளாகிவிடும். அதைச் சுற்றியுள்ள சிப்பைத் திறந்து கீழே படுக்க வைக்காமல் ஹூட்டை இறக்கினால் நடுவில் வெடிக்கும். 1998இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து உண்மையான கண்ணாடி. தினமும் ஓட்டுவதற்கு இந்த ஒரு காரணத்துக்காகவே அதை எடுப்பேன், முதலாவதின் எழும்பும் லைற்றுகள் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

பெயரையும் குதிரைவலுவையும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. ஹொண்டா எஸ்2000 ஒரு அற்புதம். 2 லீற்றர் எஞ்சின், ஜப்பான் மொடலில் 250 குதிரைவலு, நிமிடத்துக்கு 9,000 சுற்று. ஆனால் அந்த வலு 6,000 சுற்றுக்கு மேலேதான் விழிக்கும். நம் சட்ட வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. முன்னால் ஆட்டோ, பக்கத்தில் மாடு, உவர்மலை ஏறும்போது ஸ்கூல் வான், கோட்டைப் பக்கம் போனால் மான் கூட்டம். எந்த நாளில் 6,000ஐத் தொடுவீர்கள்? ரோட்ஸ்டர் ஏறத்தாழ ஒரு தொன் எடை. அதில் 50இல் போனாலும் ஓட்டுகிற சுகம் இருக்கிறது.

டொயோட்டா எம்ஆர்-எஸ் (1999 முதல் 2007 வரை) இன்னும் இலகுவாக ஓடும், ஆனால் எஞ்சின் முதுகுக்குப் பின்னால். டிக்கி என்று சொல்ல ஒன்றும் இல்லை, இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டிதான். மீன் வாங்கினால் மடியில்தான் வைக்க வேண்டும். ஆரம்பகால எஞ்சின்கள் ஒயில் குடிக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் செய்யும்போது பின்னால் நின்று நீலப்புகை வருகிறதா என்று பாருங்கள். கோப்பன் 659 சீசீ, முன்சில்லு இழுக்கும் வண்டி, ஸ்போர்ட்ஸ் கார் பித்தர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏகாம்பரம் வீதியில் நிறுத்த இடம் தேடும்போது தெரியும் அதன் அருமை. பழைய பிரிட்டிஷ் எம்ஜி எடுக்க ஆசைப்படுகிறவருக்கு, அது ஞாயிற்றுக்கிழமைக் கார் என்று மட்டும் சொல்வேன்.

குறைந்த மைலேஜும் ஏமாற்றும். இந்தக் கார்களில் பல, வருடக்கணக்காகக் கராஜில் நின்றவை. 2022இல் பெற்றோல் இல்லாமல் நின்றவையும் உண்டு. நின்ற காரில் ரப்பர் காயும், பிறேக் இறுகும். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3416 என்றால் 2016ஆம் ஆண்டின் 34ஆவது வாரம் செய்தது. ஓடியதே 40,000 என்கிறவரின் ரயர் அந்த வயது என்றால், ரைமிங் பெல்ற்றின் வயதையும் கேளுங்கள்.

வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பார்க்க வேண்டும், தரகர் வாசித்துக் காட்டுவது போதாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025இல் கார்களுக்கு மீண்டும் திறந்தது. ஆனால் பழைய வாகனத்துக்கு வயது வரம்பு இருப்பதால் இந்த மொடல்கள் இனி வரப்போவதில்லை. அதனால்தான் விலையும் ஏறியிருக்கிறது, எஞ்சின் மாற்றி ஒட்டுப்போட்டவையும் சந்தையில் நிற்கின்றன.

ஏசியை நண்பகல் 12 மணிக்குப் போட்டுப் பாருங்கள், மாலையில் அல்ல. மே மாதத்தில் ஹூட் மூடித்தான் ஓட்டுவீர்கள்.

அப்புறம், கொழும்பில் வாங்கினால் விடியவே கிளம்பிவிடுங்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் பொழுதுபட்டால் யானை வீதிக்கு வரும். நான் ஒரு தடவை ஹூட் திறந்தபடி அதற்கு முன்னால் நின்றிருக்கிறேன். ரிவர்ஸ் கியர் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தேடினேன்.