பெரிய தளபதி யார்? எடைபோட ஒரு வழி

திருத்தணி, அரக்கோணம் பக்கம் ஒரு பட்டிமன்றத்துக்கு ‘வரலாற்றிலேயே தலைசிறந்த தளபதி யார்’ என்று தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். அலெக்சாந்தர், நெப்போலியன், ராஜேந்திர சோழன் என்று மூன்று அணி பிரிந்து, ஆளுக்கொரு வெற்றிப் பட்டியலை வாசித்துவிட்டு இறங்குவார்கள். வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து ஆளை எடைபோட முடியாது. 1764இல் பீகாரின் பக்சாரில் வென்ற அதே கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோதான், 1780இல் காஞ்சிபுரத்தில் கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார்.

அதனால் முழு வாழ்க்கையையும் கையில் எடுக்காதீர்கள். ஒரு தளபதிக்கு ஒரு படையெடுப்பு, அதற்கு ஒரு தாள். பழகுவதற்கு வெளிநாடு போக வேண்டாம். நம் எல்லையிலேயே, காஞ்சிபுரம் அருகே, மைசூரின் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த 1780 புள்ளலூர்ப் போர் போதும்.

தாளின் தலையில் மாதத்தையும் ஆறுகளையும் எழுதுங்கள். பலர் தேதியை எழுதிவிட்டு மழையை மறந்துவிடுவார்கள். காஞ்சியில் மன்றோவோடு சேரக் குண்டூரிலிருந்து தெற்கே வந்த கம்பெனியின் கர்னல் பெய்லி, ஆகஸ்டு 25 அன்று கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தார். ஆறு கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது. அன்றே இறங்கிக் கடந்திருக்கலாம். இக்கரையிலேயே கூடாரம் அடித்தார். மறுநாள் வெள்ளம். கடக்க செப்டம்பர் பிறந்துவிட்டது. சித்தூர் மலைப் பக்கம் மழை பிடித்தால் இங்கே வெயில் காயும்போதே ஆறு வரும் என்பது இந்தப் பக்கத்துக்காரர் எவருக்கும் தெரியும். தெரிந்தவரிடம் பெய்லி கேட்டாரா என்பதுதான் நீங்கள் தாளில் எழுத வேண்டிய கேள்வி.

அடுத்தது அரிசிக் கணக்கு. இதில் அவசரப்படாதீர்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ தானியம் என்று வையுங்கள். 10,000 பேருக்கு ஒரு நாளைக்கு 10 டன். பொதி எருது ஒன்று 100 கிலோ சுமக்கும் என்று கொண்டால் ஒரு நாள் சோற்றுக்கு 100 எருதுகள், பத்து நாளுக்கு 1,000. அந்தக் காலப் படையோடு வரும் எருதோட்டிகள், கடைக்காரர், குடும்பத்தார் இதில் சேரவில்லை. அவர்களைச் சேர்த்தால் கணக்கு பல மடங்காகும். குதிரைத் தீனியும் வேறு. இந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால், புரியாத பல முடிவுகள் புரிந்துவிடும். மன்றோ ஏன் காஞ்சியை விட்டு நகரவில்லை? சேர்த்து வைத்த கொஞ்ச அரிசி அங்கேதான் இருந்தது. 1781இல் பரங்கிப்பேட்டையிலும் சோளிங்கரிலும் ஹைதர் அலியை வென்ற கம்பெனித் தளபதி அயர் கூட், ஏன் ஒருமுறைகூடத் துரத்திப் பிடித்து முடிக்கவில்லை? இழுவை மாடு இல்லை. எதிர்ப்பக்கம் ஹைதர், மைசூர் மாடுகளின் வேகத்தில் சிதம்பரத்தைக் காக்க இரண்டரை நாளில் 100 மைல் போனதாகக் குறிப்பு இருக்கிறது. போர்க்களத்தில் கூட் வென்றார்; அன்று ‘கர்நாடிக்’ எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதியில் எங்கே, எப்போது மோதுவது என்பதைப் பெரும்பாலும் ஹைதர்தான் முடிவுசெய்தார் என்பது எங்கள் கருத்து.

மூன்றாவது வரிசைக்கு ‘அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்தது’ என்று பெயர் வையுங்கள். பின்னால் நடந்தது நமக்குத் தெரியும் என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை. செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் பெய்லி, ஹைதரின் மகன் திப்புவின் தாக்குதலைத் தாங்கிவிட்டார். 9ஆம் தேதி, மன்றோ அனுப்பிய பிளெட்சர் தலைமையில் உதவிப்படையும் வந்து சேர்ந்தது. அன்றிரவு புறப்பட்ட பெய்லி நடுவழியில் தங்கிவிட்டார். காஞ்சி ஒரு நாள் நடைக்குள் இருந்தது. எதிரி சுற்றி நிற்பது தெரிந்திருந்தது. ஆகவே இது அறியாமைக் கணக்கில் வராது, முடிவுக் கணக்கில்தான் வரும். விடிவதற்குள் ஹைதர் முழுப்படையையும் நகர்த்திவிட்டார். 10ஆம் தேதி வெடிமருந்து வண்டிகள் தீப்பிடித்து வெடித்தன, படை அழிந்தது. பல நூல்கள் வண்டி வெடித்ததையே காரணமாகச் சொல்லும். அதிர்ஷ்டத்துக்குத் தனி வரிசை வைத்து அதை அங்கே தள்ளுங்கள். தங்கிய இரவை அதில் கலக்காதீர்கள்.

சான்றுகளை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுங்கள். இதே புள்ளலூரில் பல்லவ மகேந்திரவர்மன் பகைவரை அழித்தான் என்கிறது காசாக்குடிச் செப்பேடு. பகைவன் பெயரைச் சொல்லவில்லை. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியவைத்தோம் என்கிறது சாளுக்கியரின் ஐஹோளே கல்வெட்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை எங்கோ நடுவில் இருப்பது தெரியும். 1781 ஆகஸ்டு 27 அன்று புள்ளலூரிலேயே கூட்டுக்கும் ஹைதருக்கும் நடந்த இன்னொரு சண்டையிலும் இரு தரப்பும் வென்றதாகவே சொல்லிக்கொண்டன. எதிரியின் ஆள்கணக்கு எப்போதும் ஊதிப்போயிருக்கும்; வென்றவர் எழுதியதென்றால் இன்னும் அதிகம்.

வென்ற மறுநாள் என்ன செய்தார் என்பதையும் குறியுங்கள். ஹைதர் பெய்லியை முடித்த கையோடு மன்றோவைத் துரத்தவில்லை, ஆற்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். மன்றோவின் படை தப்பியது. ஹைதருக்கு இங்கே மதிப்பெண் வெட்டத்தான் வேண்டும். கி.மு. 216இல் இத்தாலியின் கன்னேயில் ரோமப் படையை வென்ற கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுக்கும் இதே வெட்டு விழும், ரோம் பணியவில்லை.

கடைசி வரிசை, அவர் இல்லாதபோது படை நின்றதா என்பது. 949இல் தக்கோலத்தில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேலேயே விழுந்தான். சோழப்படை கலைந்தது, தொண்டைமண்டலம் ராஷ்டிரகூட அரசன் கன்னரதேவன் கைக்குப் போனது. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே முகாமில் ஹைதர் இறந்தபோது திப்பு மலபார்க் கரையில் இருந்தார். அமைச்சர்கள் சாவை மறைத்து, உடலை ரகசியமாக அனுப்பிவிட்டு, அவர் வந்து சேரும்வரை படையைக் கட்டிக்காத்தார்கள். வீரத்தில் ராஜாதித்தன் குறைந்தவனில்லை. அமைப்பில் ஹைதர் பல படி மேல்.

எல்லா வரிசையையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். எந்த வரிசையில் ஒருவர் அடியோடு விழுந்தார் என்று பாருங்கள், வாதம் அங்கேதான் சூடுபிடிக்கும். நெப்போலியனை எடுப்பவர் அவர் வென்ற ஆஸ்டர்லிட்ஸ் போரில் தொடங்கட்டும், ஆனால் 1812 ரஷ்யப் படையெடுப்புக்குத் தனித் தாள் கேளுங்கள். அதில் முதலில் நிரப்பச் சொல்ல வேண்டியது தீனிக் கணக்கு.