லூசி யார் என்று தேடுவதை முதலில் நிறுத்துங்கள்

ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘எ ஸ்லம்பர் டிட் மை ஸ்பிரிட் சீல்’ கவிதை மொத்தமே எட்டு வரிதான். 1798-99 குளிர்காலத்தில் ஜெர்மனியின் கோஸ்லார் நகரத்தில் தங்கை டாரத்தியோடு முடங்கிக் கிடந்தபோது எழுதியது, 1800இல் ‘லிரிக்கல் பேலட்ஸ்’ என்ற கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் வந்தது. சின்னதாக இருக்கிறதே என்று ஆங்கில இலக்கிய மாணவர்கள் ஆசையாக இதைத் தேர்ந்தெடுப்பார்கள், அப்புறம் கட்டுரையில் இரண்டு பக்கத்தை எதை வைத்து நிரப்புவது என்று தெரியாமல் ‘யார் இந்த லூசி?’ என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தக் கவிதையில் லூசி என்ற பெயரே கிடையாது. வேறு நான்கு கவிதைகளோடு சேர்த்து இதை ‘லூசி கவிதைகள்’ என்று வகைப்படுத்தியது பின்னால் வந்தவர்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் நண்பரும் கவிஞருமான கோல்ரிட்ஜ் 1799இல் ஒரு கடிதத்தில், வேர்ட்ஸ்வொர்த் தன் தங்கை இறந்துபோனால் என்ன ஆகும் என்று மனம் சோர்ந்த ஒரு நேரத்தில் நினைத்துப் பார்த்து எழுதியிருக்கலாம் என்றார். டாரத்தியோ 1855 வரை, அண்ணன் இறந்து நாலரை வருடத்துக்கு மேல் ஆன பிறகும், உயிரோடு இருந்தார். நெருங்கிய நண்பருக்கே ஊகம்தான் மிச்சம் என்றால், நாம் உட்கார்ந்து துப்பறிந்து என்ன ஆகப்போகிறது? (கவிஞர் கீட்ஸ் பக்கம் போனால் இதே வியாதி அவருடைய காதலி ஃபேனி பிரான் பெயரில் வரும்.)

அடுத்தது, ‘காதலியை இழந்த கவிஞர் கண்ணீர் வடிக்கிறார்’ என்று எழுதுவது. எங்கே வடிக்கிறார்? கண்ணீர், துக்கம், சாவு என்று ஒரு சொல்கூட இதில் இல்லை. வரிகளைப் பாருங்கள். முதல் நான்கு வரிகள் இறந்த காலத்தில் இருக்கின்றன: என் மனம் உறங்கிக் கிடந்தது, மனிதருக்கு வரும் பயங்கள் எனக்கு இல்லை, வருடங்கள் தீண்ட முடியாத ஒரு பொருளைப் போல அவள் தெரிந்தாள். அடுத்த நான்கும் நிகழ்காலம்: இப்போது அவளிடம் அசைவில்லை, விசையில்லை, கேட்பதில்லை, பார்ப்பதில்லை, பாறைகளோடும் கற்களோடும் மரங்களோடும் பூமியின் அன்றாடச் சுழற்சியில் சுற்றுகிறாள். அவள் இறந்தது இந்த இரண்டு பத்திக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில். அதைச் சொல்லவே இல்லை, காலம் மட்டும் மாறுகிறது. இன்னொன்று, முதல் பாதியில் ‘நான்’, ‘என்’ உண்டு. இரண்டாம் பாதியில் பேசுகிறவன் தன்னைப் பற்றி வாயே திறப்பதில்லை. அதைவிடக் கொடுமை, அவன் நினைத்தது அப்படியே பலித்துவிட்டது. இனி வருடங்கள் அவளைத் தீண்டப்போவதில்லை, அவள் நிஜமாகவே ஒரு பொருள் ஆகிவிட்டாள். இவ்வளவும் கண்முன்னால் இருக்கும்போது ‘கவிஞர் வருந்துகிறார்’ என்று ஒரு வரியில் முடிப்பது வீண்.

அணிப் பட்டியலும் அப்படித்தான். ஏபிஏபி இயைபு (ஒன்றும் மூன்றும், இரண்டும் நான்கும் ஒரே ஓசையில் முடிவது), எட்டும் ஆறுமாக மாறி மாறி வரும் அசைகள் என்று எழுதிவிட்டு நகர்ந்தால் மதிப்பெண் தவிர எதுவும் கிடைக்காது, சில சமயம் அதுவும் கிடைக்காது. தேவாலயத்தில் பாடும் பல துதிப்பாடல்களின் அளவு இது. நிதானமான, பழகிய மெட்டில் இப்படி ஒரு செய்தியைச் சொல்வது என்ன செய்கிறது என்று கேட்டால்தான் அந்தக் கணக்குக்கு வேலை.

கடைசியாக, வேர்ட்ஸ்வொர்த் போன்ற ரொமான்டிக் இயக்கக் கவிஞர் என்றாலே இயற்கை ஆறுதல் தரும் என்று தயாராக வைத்திருக்கும் முடிவு. இந்தக் கவிதையில் அது அவ்வளவு சுலபமில்லை. விமர்சகர்களில் க்ளீன்த் புரூக்ஸ் இதில் உயிரற்ற சடத்தின் பயங்கரத்தைப் பார்த்தார், எஃப். டபிள்யூ. பேட்சன் இயற்கையின் பெரிய உயிரோடு அவள் கலந்துவிட்டதாகப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்றாலும் தவறில்லை, வரியைக் காட்டாமல் நிற்பதுதான் தவறு. பேட்சன் பக்கம் என்றால் கடைசிச் சொல் மரங்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளலாம், அந்த வரிசையில் உயிருள்ளது அது ஒன்றுதான். என்னைக் கேட்டால் புரூக்ஸ் பக்கம்தான். ஏனென்றால் அவள் தானாக உருளவில்லை, உருட்டப்படுகிறாள், கல்லையும் மரத்தையும் சுற்றவைக்கிற அதே சுழற்சியில், அவற்றைவிட ஒரு துளி மரியாதைகூட அதிகமில்லாமல்.