ஒரு சொல்லின் பழைய பொருளைத் தேடுவது எப்படி? ‘நாற்றம்’ வழியாக ஒரு பயிற்சி

‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்’ என்று தொடங்கும் குறளை (1274) முதன்முதலில் படிக்கும்போது பலரும் ஒரு கணம் திகைத்துப் போவார்கள். காதலியின் புன்னகையைப் பற்றிப் பேசும் இடத்தில் நாற்றம் ஏன் வருகிறது? சொல்லாராய்ச்சிக்குள் நுழைய இந்தத் திகைப்பை விட நல்ல வாசல் இல்லை. சரி, இந்த ஒரு சொல்லை வைத்தே தேடிப் பார்ப்போம். ஒரு நோட்டும் இணைய வசதியும் போதும்.

படி 1: இன்றைய வழக்கை எழுதுங்கள்

அகராதியைத் திறக்கும் முன், அந்தச் சொல் உங்கள் வாயில் எப்படி வருகிறது என்று எழுதுங்கள். சாக்கடை நாற்றம், வாய் நாற்றம், துர்நாற்றம். கடைசிச் சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். நாற்றம் என்றாலே கெட்டதுதான் என்றால், முன்னால் ‘துர்’ எதற்கு? அதைச் சேர்த்த காலத்தில் நாற்றத்துக்குக் கெட்ட பொருள் மட்டும் இருந்திருக்காது. பழைய பொருளின் தடயம் இப்படி நம் பேச்சிலேயே கிடக்கும்.

படி 2: பேரகராதியைப் பாருங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936, ஆறு தொகுதிகள்) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருளோடு நிறுத்திவிடாமல், பக்கத்தில் இருக்கும் மேற்கோளையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு அதுதான் தேவை.

படி 3: பழைய வரிகளில் கூட வரும் சொற்களைக் கவனியுங்கள்

முழு வேலையும் இங்கேதான் இருக்கிறது. அவசரப்படாதீர்கள்.

குறள் 27, ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று ஐம்புலன்களை அடுக்குகிறது. இங்கே அது வெறும் மணம். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆண்டாள் வெண்சங்கிடம் ‘கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ’ என்று கேட்கிறாள். மாதவனின் ‘வாய்ச்சுவையும் நாற்றமும்’ எப்படி என்று அறிய அவளுக்கு அவ்வளவு ஆசை! முதல் படியில் எழுதிய ‘வாய் நாற்றம்’ பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். எத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியும்.

இனி நற்றிணை 45. நெய்தல் நிலத்துத் தோழி, விரைந்து செல்லும் தேரையுடைய செல்வரின் மகனிடம் ‘புலவு நாறுதும், செல நின்றீமோ’ என்கிறாள். எங்கள் மேல் மீன்வாடை வீசுகிறது, தள்ளி நில்லுங்கள் என்று பொருள். ஆக, அன்றைக்கே கெட்ட வாடைக்கும் இதே வினைதான். ‘அன்று நறுமணம், இன்று கெட்ட வாடை’ என்று சுருக்கிச் சொல்வது முழு உண்மையில்லை. கருப்பூரமா புலவா என்று கூட வரும் சொல்தான் தீர்மானித்தது. மணம், வாசனை போன்ற சொற்கள் நல்ல பக்கத்தை எடுத்துக்கொண்டதால் நாற்றத்துக்குக் கெட்டது மட்டும் மிஞ்சியது என்பது என் கணிப்பு.

படி 4: உறவுச் சொற்கள்

மலையாளத்தில் நாற்றம், கன்னடத்தில் நாத்த. இரண்டுமே இன்று கெட்ட வாடைதான். தமிழில் ‘நறு’ என்ற உறவு மட்டும் தப்பித்திருக்கிறது: நறுமணம், நறுந்தேன், நறுமுகை. இத்தகைய குடும்பங்களைத் தேட பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இருக்கிறது.

படி 5: ஒலி ஒற்றுமையை நம்பி முடிவு கட்டாதீர்கள்

‘எட்டுதான் ஆங்கிலத்தில் எயிட் ஆனது’ என்று வாட்ஸ்அப்பில் வரும். எண்பது, எண்ணூறு, எண்திசை என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்ச் சொல்லின் அடி ‘எண்’. ஆங்கிலச் சொல்லின் உறவோ லத்தீன் ஆக்டோ. அங்கே ணகரமே இல்லை. தமிழின் மேல் நமக்குள்ள அன்புக்கு இந்த மாதிரிப் பொய்ச் சான்று தேவையே இல்லை. ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’, அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பார்த்தவுடன் விளங்காது என்று தொல்காப்பியமே சொல்லிவைத்திருக்கிறது.

அப்புறம், உங்கள் முறை. எள் + நெய் = எண்ணெய். அப்படியென்றால் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் எப்படி வந்தன? நோட்டை எடுத்து முதல் படியிலிருந்து ஆரம்பியுங்கள். ‘நெய்’ என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள்.