மெட்டடார் வேனைத் துடைத்துப் பழகும் முறை

செட்டிநாட்டுப் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டிருப்பதால், பின்கட்டுக் கொட்டகையில் ஒரு வண்டி பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் நின்றுவிட முடியும். எங்கள் மெட்டடார் வேன் அப்படித்தான் நின்றது. பூனாவில் பஜாஜ் டெம்போ நிறுவனம், அதாவது இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், செய்த வண்டி அது, 1986-இல் பதிவானது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கும் உறவினர்களின் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அப்பச்சி அதில் பின்தொடர்வார். இரவில் அதிலேயே படுத்துக்கொள்வார். அவர் காலத்துக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்ற அந்த வண்டியை மீண்டும் ஓடவும் உறங்கவும் தகுந்ததாக ஆக்கியபோது கற்றவற்றை, இதே எண்ணத்தோடு பழைய வேன் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

வாங்கும்போது எஞ்சினைவிடத் தகரத்தைக் கூடுதலாகப் பாருங்கள். எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அரித்துப்போன தகரத்தைச் சரியாக வெட்டி ஒட்டும் டிங்கரிங் கைகள் குறைந்துவிட்டன. மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியிலும் சக்கரத்துக்கு மேலுள்ள வளைவிலும் கூரையோர மழைநீர் வாய்க்காலிலும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தகரம் போய்ப் பட்டிதான், அதாவது பள்ளத்தை நிரப்பப் பூசும் பசைதான், இருக்கிறது என்று பொருள். தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாத உரிமையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டை தேயாமல் புதிது போலத் தெரிந்தாலும், பத்து ஆண்டு கடந்த டயரை நம்பிக் குடும்பத்தோடு பயணம் போகக் கூடாது.

உள்ளே கட்டில் அமைப்பதற்கு முன் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியின் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆகவே நான் எதையும் வெட்டவில்லை, பற்றவைக்கவில்லை. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில், இடித்த வீடுகளின் சாமான்கள் விற்கும் கடையில் வாங்கிய பர்மா தேக்குப் பலகைகளைக் கொண்டு, தங்குமிடத்தில் விரித்துப் பயணம் முடிந்ததும் எடுத்துவிடக்கூடிய மடிப்புக் கட்டில் ஒன்று செய்தோம். 2021-இல் வந்த விதிகள் ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனியாகப் பழம்பெரும் வாகனப் பதிவு தருகின்றன. அதற்கும் உடலும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும். வெட்டாத வண்டிக்கு அந்த வழி என்றைக்கும் திறந்திருக்கிறது.

இனி மெருகு. இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி, கண்ணுக்கு மாவு போலத் தெரிந்தாலும், உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போலப் பெயின்ட்டைக் கீறிவிடும். முதலில் தாராளமாக நீர் ஊற்றிப் புழுதியை ஓடவிட்டு, பிறகு வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூவால் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கழுவுங்கள். ஒரு வாளியில் சோப்பு நீரும் மற்றொன்றில் துணியை அலசும் நீரும் இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். அது காய்வதற்குள் துவட்டிவிட வேண்டும். வீட்டுப் பித்தளைக்குப் பழகிய கை புளியையும் சாம்பலையும் தேடும். அவை இரண்டையும் பெயின்ட்டின் மேலோ குரோமியப் பூச்சின் மேலோ படவிடாதீர்கள்.

அடுத்து, மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், அது நிறத்தின் மேல் நிறமற்ற மேற்பூச்சு இல்லாத பழைய முறைப் பெயின்ட். வெயிலில் அதன் மேல்தோல் சுண்ணாம்புப் பொடி போல வெளுத்திருக்கும்; அந்தத் தோலை மட்டும் மெல்ல எடுத்தால் அடியில் பழைய நிறம் உயிரோடு இருக்கும். வெயில் ஏறுமுன், தகரம் குளிர்ந்திருக்கும் வேளையில், நிழலில் நிறுத்தி, இரண்டடிக்கு இரண்டடி என்ற அளவில் பகுதி பகுதியாகக் கையாலேயே தேய்க்க வேண்டும். முதல் முறை நான் நண்பகலில் வாடகை எந்திரத்தைக் கொண்டு தேய்த்து, கதவின் மடிப்பு விளிம்பில் பெயின்ட்டைப் பிரைமர் என்னும் அடிப்பூச்சு தெரியும்வரை தின்னவிட்டேன். விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெலிந்தே இருக்கும். அங்கே காகித டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். இறுதியாக மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, அது மங்கியதும் துடைத்தெடுங்கள். எங்கள் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை மெழுகிட வேண்டியிருக்கிறது.

குரோமியப் பம்பரில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். வெறுந்தகரத்துத் துருவுக்கு, துருவைக் கருமையான உறுதிப் படலமாக மாற்றும் திரவம் கடையில் கிடைக்கிறது. அவற்றில் சிலவற்றில் வேலை செய்வது டானிக் அமிலம். நம் வீட்டுச் சுவர்களின் சுண்ணாம்புச் சாந்தில் சேர்த்த கடுக்காயின் துவர்ப்பும் அந்த இனத்தைச் சேர்ந்ததே என்று அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாயிற்று.

கையால் தேய்ப்பதை நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிறு கொப்புளம், புதிய கீறல், ஜன்னல் ரப்பரில் விழுந்த வெடிப்பு ஆகியவை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். கதவின் அடியில் உள்ள நீர்வடி துளைகள் அடைபட்டிருந்ததை நான் மெழுகிடும்போதுதான் கண்டேன். ஐப்பசி மழைக்கு முன் அவற்றைக் கம்பியால் குத்திவிட்டிருக்காவிட்டால் கதவுகள் உள்ளிருந்தே அரித்துப் போயிருக்கும்.

தேக்குப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் போதும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும். சமையல் அடுப்பை வண்டிக்கு வெளியே வையுங்கள். உறங்கும்போது எஞ்சினை ஓடவிடாதீர்கள், ஜன்னலைச் சிறிது திறந்து வையுங்கள்.

எல்லாக் குறையையும் நீக்கிவிட வேண்டும் என்ற ஆசை வரும். துருவையும் வெடிப்பையும் விடக் கூடாது. ஆனால் தகரம் கிழியாத நெளிவுகளில் எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். எங்கள் வண்டியின் இடப்பக்கக் கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் இருக்கிறது. பின்வாசல் தூணில் அப்பச்சி உரசியது என்று ஆச்சி சொன்னார்கள். பட்டி போட வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அங்கே மெழுகிடும்போது வட்டமாகத் தேய்த்தால் மெழுகு பள்ளத்தில் கட்டிக்கொள்ளும். துணியை ஒரு விரலில் சுற்றி, பள்ளம் ஓடும் போக்கிலேயே தேய்க்க வேண்டும்.